துப்பறியும் கதையில் நம் தீவுகள்

துப்பறியும் கதைகளைப் பற்றித் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக இருவேறு கருத்துக்கள் நிலவி வருகின்றன. அவை பொழுதை வீணாக்குவன, இளைஞர் மனத்தைக் கெடுப்பன, கொலையும் களவுமன்றி வேறொன்றும் கற்பியாதன என்பது ஒரு சாரார் கருத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவனையும் ஒரு முழுநூலைப் படித்து முடிக்க வைத்தவை அவையே, காரண காரியத் தொடர்பை ஆராயும் பழக்கத்தை ஊட்டியவையும் அவையே என்பது மற்றொரு சாரார் கருத்து. இரு பக்கத்திலும் ஓரளவு உண்மை உண்டு.

ஆயினும் இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது கருத்து ஒன்றைச் சொல்லும் உரிமை, அந்தமானில் குடியேறி வாழும் நமக்கு உண்டு. உலகப் புகழ் வாய்ந்த ஆங்கிலத் துப்பறியும் கதை வரிசையொன்றில் நம் தீவுகளே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டுள்ளன. அவ்வழக்கை இவ்வாண்டு மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைத்து, அதில் கூறப்பட்ட சாட்சியம் எத்தகையது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழரும் துப்பறியும் கதையும்

துப்பறியும் கதை மேனாட்டிலிருந்து நம்மிடம் வந்த விருந்தாளி. எனினும் வந்த சில ஆண்டுகளிலேயே நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. பண்டித நடேச சாஸ்திரியார் 1894 ஆம் ஆண்டிலேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவ விட்டார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி நூல்கள் பல எழுதிக் குவித்தார். ஜே. ஆர். ரங்கராஜு படைத்த துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரும் தமிழகத்தில் வீடுதோறும் அறிமுகமான பெயர்களாயினர். திகம்பர சாமியார் 1950 ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தார். அதற்கு முன்பே, 1942 இல், தேவன் அவர்கள் ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவைப் படைத்து, துப்பறிவோரின் பெருமிதத்தையே நகைச்சுவைக்கு உரியதாக்கினார். பின்னர்த் தமிழ்வாணன் அவர்களின் சங்கர்லால் வந்தார். அவருக்குப் பின் சுஜாதா அவர்களின் கணேஷும் வசந்தும் வந்தனர்.

இத்தனை பேருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ முன்னோடியாக நின்றவன், லண்டன் மாநகரில் பேக்கர் தெருவில் குடியிருந்ததாகச் சொல்லப்படும் ஷெர்லக் ஹோம்ஸ். 1887 இல் முதன்முதலாகத் தோன்றிய அவனைத் தலைவனாகக் கொண்டு ஆர்தர் கோனன் டாயில் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். அந்த நான்கு நாவல்களுள் இரண்டாவது, 'நால்வர் குறி' என்று நாம் தமிழில் பெயரிட்டு அழைக்கத்தக்க நூல். அதுவே நம் தீவுகளைப் பற்றிப் பேசும் நூலாகும்.

நூல் பிறந்த கதை

1889 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள், லண்டனில் லாங்கம் ஓட்டலில் ஒரு விருந்து நடந்தது. அமெரிக்க நாட்டு லிப்பின்காட் மாத இதழின் சார்பில் வந்திருந்த ஸ்டாடர்ட் என்பார், இரு எழுத்தாளர்களை அழைத்துத் தம் இதழுக்கு ஆளுக்கொரு நாவல் கேட்டார். ஒருவர் ஆஸ்கார் வைல்டு, மற்றவர் டாயில். அவ்விருந்தின் பயனாக டாயில் எழுதித் தந்த 'நால்வர் குறி' 1890 பிப்ரவரியில் வெளியாயிற்று. மருத்துவத் தொழில் செய்து வந்த டாயில், இதனை எழுதியபோது இந்திய மண்ணைக் கண்டவரல்லர். அந்தமானையும் ஏடுகளின் வாயிலாகவே அறிந்தவர்.

கதையின் சுருக்கம் இது. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆக்ராக் கோட்டையில் காவலிருந்த ஜோனதன் ஸ்மால் என்னும் ஆங்கிலேயனும் அவனுடன் சேர்ந்த மூவரும் வணிகன் வேடத்தில் வந்த ஒருவனைக் கொன்று, அவன் கொண்டுவந்த புதையலை ஒளித்து வைக்கின்றனர். குற்றம் வெளிப்பட்டு நால்வரும் ஆயுள் தண்டனை பெறுகின்றனர். ஸ்மால் ஆக்ராவிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து அந்தமானுக்கும் அனுப்பப்படுகிறான். நம்மவர் பலரும் இத்தீவுகளுக்கு வந்த அதே கடல்வழி என்பதைக் கவனிக்க. அங்கே படைத் தலைவனாக இருந்த மேஜர் ஷோல்ட்டோ, புதையல் இருக்குமிடத்தைக் கைதிகளிடமிருந்து தெரிந்துகொண்டு, அவர்களை ஏமாற்றித் தானே அபகரித்து இங்கிலாந்து சேருகிறான். அப்பணத்தில் அவன் வாழ்ந்த மாளிகைக்கு இட்ட பெயர் 'பாண்டிச்சேரி லாட்ஜ்' என்பது தமிழ் வாசகர் புன்னகை கொள்ளத்தக்க செய்தி. ஸ்மால் பழிவாங்கப் புறப்படுகிறான். டோங்கா என்னும் அந்தமான் பழங்குடி மனிதன் ஒருவன் அவனுக்குத் துணையாகப் படகேறிச் செல்கிறான். லண்டனில் ஷோல்ட்டோவின் மகன் நஞ்சு தோய்ந்த முள் தைத்து இறந்து கிடக்கிறான். அதன் பின்னரே ஹோம்ஸின் வேலை தொடங்குகிறது.

கதையில் காணும் நம் ஊர்

இந்நூலில் நம் ஊரைப் பற்றிய குறிப்புக்களில் சரியானவையும் உண்டு, தவறானவையும் உண்டு. ஸ்மால் தான் 'பிளேயர் தீவுக்கு' அனுப்பப்பட்டதாகச் சொல்கிறான். அப்பெயரில் இங்கே குடியேற்றத் தீவு எதுவும் இருந்ததில்லை. போர்ட் பிளேயர் என்பது துறைமுகத்தின் பெயர். 1789 இல் சாத்தாம் தீவில் முதற் குடியேற்றத்தை நிறுவிய ஆர்ச்சிபால்டு பிளேயர் நினைவாக வழங்கியது. நகரத்திற்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.

ஆனால், ஹாரியட் மலைச் சரிவிலுள்ள ஹோப் டவுனில் தனக்கொரு குடிசை கிடைத்ததாக ஸ்மால் சொல்வது இடப்பொருத்தம் உடையது. சாத்தாம் துறையில் படகேறி பம்பூ பிளாட்டில் இறங்கிச் செல்லும் அன்பர்கள் அம்மலையையும் ஹோப் டவுனையும் நன்கறிவர். அவ்விடத்தின் பெயர் ஆங்கில மக்களுக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1872 பிப்ரவரி 8 ஆம் நாள், ஹாரியட் மலையேறிக் கதிரவன் மறைவைக் கண்டு இறங்கிய இந்தியத் தலைமை ஆளுநர் மேயோ பிரபு, ஹோப் டவுன் துறையில் ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அன்று டாயில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அந்த அதிர்ச்சிச் செய்தியின் எதிரொலி இந்நூலில் கலந்திருத்தல் கூடும். மலையை அடுத்த தேசியப் பூங்காவிற்கு 2021 இல் மணிப்பூர் மலை என்று பெயரிட்டனர். ஹோப் டவுன் அப்பெயருடனேயே நிற்கிறது.

நம் பிள்ளைகள் இந்நூலைப் படித்தால், செல்லுலார் சிறை எங்கே என்று தேடுவர். அது இந்நூலில் இராது. கைதிக் குடியேற்றம் 1858 மார்ச்சில், 200 கைதிகளுடன் தொடங்கியது. சிறைக் கட்டடமோ 1896 இல் தொடங்கி 1906 இல் முடிந்தது. ஸ்மாலின் காலம் அதற்கு முற்பட்டது. அன்று கடலே மதிலாகவும் காடே காவலாகவும் இருந்தன. அம்மதிலைக் கடக்க முயன்றோர் கதி யாது? 1858 ஆம் ஆண்டிலேயே, தப்பியோடிப் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகளைக் கண்காணிப்பாளர் வாக்கர் தூக்கிலிட்டார். கதையில் ஸ்மாலுக்கு எளிதாக வாய்த்த தப்புதல், வரலாற்றில் பலருக்கு உயிர்ப்பலியாக முடிந்தது.

டோங்கா மீது சாட்டப்பட்ட குற்றம்

இனி வழக்கின் நடுவிடத்திற்கு வருவோம். குற்றம் நடந்த அறையில் ஒரு சிறிய காலடிச் சுவட்டைக் கண்ட ஹோம்ஸ், பின்னர்த் தன் அலமாரியிலிருந்து ஒரு புவியியல் அகராதியை எடுத்து டாக்டர் வாட்ஸனுக்குப் படித்துக் காட்டுகிறான். அந்தமான் பழங்குடியினர் சராசரி நான்கடிக்கும் குறைந்த உயரத்தினர், கோரமான தோற்றத்தினர், யாருக்கும் வசப்படாத கொடியவர், நஞ்சு தோய்ந்த அம்பால் கொல்பவர், கரையொதுங்கியோரை உண்பவர் என்பன அதிலுள்ள செய்திகள். உடனே ஐயமெல்லாம் நீங்கியதாகக் கதை ஓடுகிறது.

சான்றுகளைத் திரட்டுமுன் முடிவு கட்டுதல் பெரும்பிழை என்று உலகுக்கு ஓதியவன் ஹோம்ஸ். அவன் முறையையே கைக்கொண்டு அவன் காட்டிய சான்றைச் சோதிப்போம்.

முதலாவது, உயரம். இ. எச். மான் என்னும் ஆங்கில அதிகாரி 1869 முதல் இத்தீவுகளில் பணியாற்றி, பழங்குடி மக்களின் மொழியைக் கற்று, அவர்களை அளந்தும் கேட்டும் எழுதியவர். அவர் கண்ட ஆடவர் சராசரி உயரம் ஏறக்குறைய 4 அடி 10 அங்குலம். கதையில் ஓரடிக்கு நெருக்கமாகக் குறைத்துவிட்டனர்.

இரண்டாவது, படைக்கலம். டோங்கா ஊதுகுழலில் நஞ்சு முள்ளை வைத்து ஊதிக் கொல்கிறான். அந்தமான் மக்களின் கருவி வில்லும் அம்புமே. காட்டுப் பன்றி வேட்டைக்கு, தைத்தவுடன் கழன்று கயிற்றில் தொங்கும் முனையுடைய அம்பையும் அவர்கள் நுட்பமாகச் செய்தனர். ஊதுகுழல் மலாய் நாட்டிலும் போர்னியோவிலும் தென் அமெரிக்காவிலும் வழங்குவது. அம்பில் நஞ்சு தோய்க்கும் வழக்கமும் இங்கில்லை. ஆக, கொலைக்கருவியே இத்தீவைச் சேர்ந்ததன்று. கொலைக்கருவி பொய்யானால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்கும்?

மூன்றாவது, நரமாமிசம். இப்பழியை மான் அவர்கள் திட்டமாக மறுத்தார். அவருடைய ஆய்வு லண்டன் மானிடவியல் கழகத்தின் ஏட்டில் 1882-83 ஆம் ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்டது. 'நால்வர் குறி' வெளியானது 1890 இல். உண்மை அதே லண்டன் நகரில் ஏழாண்டுகளுக்கு முன்பே அச்சேறிக் காத்திருந்தது. அதை எடுத்துப் பார்ப்பாரில்லை.

நான்காவதாக ஒன்றை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கரையொதுங்கிய கப்பலோரைப் பழங்குடியினர் தாக்கிய நிகழ்ச்சிகள் உண்டு. அதை மறைப்பதால் யாருக்கும் பெருமையில்லை. ஆயின், அடிமைகளாக்கி விற்பதற்கென்று ஆட்களைப் பிடித்துச் செல்வோர் கடல்வழியே இக்கரைகளுக்கு வந்ததும் உண்டு. கரையேறி வருபவன் கள்வனா, கதியற்றவனா என்று கண்டறிய அவர்களுக்கு வழியில்லை. இக்காரணத்தைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்வது அரைச் சாட்சியமே.

நூலுக்குள்ளேயே மற்றொரு சாட்சி உண்டு. அவன் ஸ்மால். காட்டில் நோயுற்று மரணத் தறுவாயில் கிடந்த டோங்காவைத் தான் மருந்திட்டுப் பிழைக்க வைத்ததையும், அன்றுமுதல் அவன் தன்னைப் பிரியாமல் உண்மையோடு நின்றதையும் ஸ்மால் சொல்கிறான். தப்பிச் செல்லப் படகு தந்தவனும் டோங்காவே. லண்டன் சேர்ந்தபின், பச்சை இறைச்சி தின்னும் காட்டு மனிதன் என்று சந்தைகளில் அவனைக் காட்சிப்பொருளாக்கித் தான் பிழைத்ததையும் ஸ்மாலே ஒப்புக்கொள்கிறான். ஆக, நரமாமிசம் தின்பவன் என்ற வேடத்தை டோங்காவுக்குக் கட்டியது எது? நாலணா வசூலிக்கும் சந்தைக் கூடாரமே. கூட வாழ்ந்தவன் கண்ட டோங்கா நன்றி மறவாதவன். அகராதி காட்டும் டோங்கா கொடியவன். ஹோம்ஸ் அகராதியை நம்பினான். டோங்கா தன் தரப்பை ஒரு சொல்லும் சொல்லாமலேயே தேம்ஸ் ஆற்றில் சுட்டு வீழ்த்தப்பட்டான்.

இக்காட்சிப்பொருள் கூத்து வெறுங்கற்பனையன்று. 1858 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், டாக்டர் மௌவாட் தலைமையில் தீவுகளை ஆராய வந்த குழுவினர் ஒரு பழங்குடி மனிதனைப் பிடித்து, 'ஜாக்' என்று பெயரிட்டுக் கல்கத்தாவிற்குக் கொண்டு சென்றனர். மக்கள் அவனை வேடிக்கை பார்க்கத் திரண்டனர். அவன் நோயுற்றான், மீண்டும் தீவிற்கே கொண்டுவந்து விடப்பட்டான்.

'கதைதானே' என்பார்க்கு

இவ்வளவையும் கேட்ட அன்பர் ஒருவர், 'கதைக்குக் கால் ஏது? பொழுதுபோக்குக்காக எழுதியதை இப்படித் துருவலாமா?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. டாயிலின் கதைத்திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. தேம்ஸ் ஆற்றில் நீராவிப் படகுகள் ஒன்றையொன்று துரத்தும் காட்சியைப் படித்தவர் எவரும் நூலைக் கீழே வைத்திரார். பிற வெள்ளையரைப் போலல்லாமல், புதையலைத் திருடிய ஆங்கில அதிகாரியையும் குற்றவாளியாகவே அவர் காட்டினார் என்பதும் அவருக்குப் பெருமை.

எனினும் கதை தான் சென்ற இடமெல்லாம் ஒரு கருத்தை விதைத்துச் செல்லும். மான் எழுதிய ஆய்வைப் படித்தவர் சிலர். 'நால்வர் குறி' படித்தவர் உலகெங்கும் பல தலைமுறையினர். அறிஞர் ஏடு அலமாரியில் உறங்க, கதை ஊர் ஊராக நடந்தது. இன்றும் மெயின்லாண்டுக்கு விடுமுறையில் செல்லும் நம் பிள்ளைகளிடம், 'உங்கள் ஊரில் மனிதனைத் தின்பவர்கள் இருக்கிறார்களாமே?' என்று உற்றார் உறவினர் கேட்கின்றனர். கேட்பவர்கள் டாயிலைப் படித்திரார். ஆயினும் அக்கேள்வி அத்தகைய ஏடுகளின் வழியே வந்ததுதான்.

வரலாற்றில் நிகழ்ந்த குற்றம்

நோயுற்றுக் காட்டில் கிடந்த டோங்கா என்ற அந்தச் சிறு குறிப்பில் மட்டும், டாயில் அறிந்தோ அறியாமலோ வரலாற்றின் கதவைத் தட்டிவிட்டார். கதை நடக்கும் காலத்தை ஒட்டி, 1877 இல், இத்தீவுகளில் தட்டம்மை பரவிப் பெரிய அந்தமானியர் பெருந்தொகையினரைக் கொண்டு சென்றது. குடியேற்றத்தோடு வந்த பிற நோய்களும் அவர்களை அழித்தன. 1858 இல் சில ஆயிரவராக இருந்த மக்கள், 1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961 இல் 19 பேர். பின்னர் எஞ்சியோர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். இன்று அவர்கள் சிறிது பெருகி ஏறத்தாழ ஐம்பது பேராக உள்ளனர். 'போ' மொழியைப் பேசிய கடைசி மூதாட்டியார் 2010 ஜனவரியில் மறைந்தார். அவரோடு ஒரு மொழியே மறைந்தது. தாய்மொழியைப் போற்றச் சங்கம் வைத்து ஆண்டு விழா எடுக்கும் நம்மைவிட அந்த இழப்பின் ஆழத்தை உணரவல்லார் யார்?

லண்டனில் ஒரு செல்வன் இறந்ததற்குத் துப்பறிய உலகின் தலைசிறந்த துப்பறிவாளன் வந்தான். இங்கே ஓர் இனமே தேய்ந்ததற்குத் துப்பறிய எந்தக் கதையிலும் எவனும் வரவில்லை.

நம் பக்கத்துக் குறையும் உண்டு

ஆங்கிலேயரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. நம் பழைய நாவல்களில் கெட்டவன் பிடிபட்டதும் 'தீவாந்தர சிட்சை' விதிக்கப்படுவான். அத்துடன் அவனைப் பற்றிய பேச்சு ஓயும். 1952 இல் வெளிவந்த படத்திற்கும் 'அந்தமான் கைதி' என்றே பெயர். தமிழகத்து வாசகனுக்கு அந்தமான் என்பது கதை முடிகிற இடம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வீடிழந்து வந்தோர்க்கும், பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியோர்க்கும் அதுவே வாழ்வு தொடங்கிய இடம். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பால் வடித்தவர்களின் கதையை எழுத இன்னும் ஒரு நாவலாசிரியர் தேவை.

இதனிலும் பழைய செய்தி ஒன்றுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, அந்தமான் மக்கள் நாய்த்தலை உடையவர்கள் என்று எழுதி வைத்தார். அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு நக்கவாரத்தைப் பெயர் சொல்லிக் குறித்து, அதன் சோலை வளத்தையும் கூறியது. படையெடுத்துச் சென்றவன் கல்வெட்டுத்தான். எனினும் அதில் நாய்த்தலை மனிதர் இல்லை. அந்த நேரிய பார்வை நமக்கு முன்மாதிரியாகுக.

நாம் செய்யத்தக்கவை

துப்பறியும் கதையைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்க வேண்டுவதில்லை. 'நால்வர் குறி'யை மேல் வகுப்பு மாணவர் தாராளமாகப் படிக்கட்டும். படிக்குங்கால் ஹோம்ஸின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி அந்நூலின்மேலேயே வைத்துப் பார்க்கட்டும். எது கண்டறிந்தது, எது கேட்டெழுதியது, யார் பேசினார், யாரைப் பேசவிடவில்லை என்று வினவட்டும். அந்நூலுக்குப் பக்கத்திலேயே மான் அவர்களின் ஆய்வும், 1899 இல் போர்ட்மன் எழுதிய அந்தமானியர் உறவு வரலாறும் தமிழ்ச் சங்கங்களின் நூலகங்களில் இடம் பெறுதல் நன்று. முதற் குடியேறிகளான நம் தாத்தா பாட்டிமாரின் நினைவுகளையும், அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தல் அதனினும் நன்று.

பழங்குடி மக்களை வேடிக்கை பார்ப்பதும் படம் பிடித்து அனுப்புவதும் ஸ்மாலின் சந்தைக் கூடாரத்தை மீண்டும் அடிப்பதேயாகும். 1956 ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை சட்டத்தால் தடுப்பதை, நம் குடும்பங்கள் பண்பாட்டால் தடுக்க வேண்டும். உறவினர் எழுப்பும் கேள்விக்கு நகைத்து ஒதுங்காமல், உண்மையை நான்கு சொற்களில் எடுத்துரைக்க நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.

யார்க்கும் எவர்க்கும் பொதுவான நீதி ஒன்றுண்டு: குற்றஞ்சாட்டப்பட்டவன் பேச வேண்டும், கேட்பவர் கேட்க வேண்டும். 1890 இல் பேச விடப்படாத டோங்காவுக்காக, அவன் மண்ணில் வாழும் நாம் பேசுவோமாக. வாழ்க தமிழ்! வளர்க இத்தீவு மக்கள் அனைவரும்!